வரியா, புள்ளியா?

வண்டிப்பெரியாறு (இடுக்கி, கேரளம்), 2025 அக்டோபர் 14

விடியற்காலையில் பாத்திரம் கழுவ வந்த மேல் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்கா, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். மாடு பெரிசு என்கிறார். "கன்னுக்குட்டி அளவுகூட இருக்காது" என்கிறார் அவர் வீட்டுக்காரர். ஏழு மணிக்குள் வாட்ஸப்பில் புலிப் படமே வந்துவிட்டது. படத்தில் பின்னால் தெரிவது மூங்கில். எங்கள் லயத்தைச் சுற்றி மூங்கிலே கிடையாது.

ஆனாலும் அக்கா சொல்வதைத் தள்ள மனம் வரவில்லை. மார்ச்சில் கிராம்பிப் பக்கம் காயம்பட்ட புலி வந்து, மயக்க ஊசி போடப்போன குழுவின் மேலேயே பாய்ந்து, கடைசியில் செத்துப்போனதை மறந்தவர் இங்கே யாருமில்லை.

அக்டோபர் 15

மலையாளத்தில் புலி என்றால் சிறுத்தை. நாம் சொல்லும் புலி அவர்களுக்குக் கடுவா. ரேஷன் கடையில் ஒரு சேட்டன் "புலி" என்றதைக் கேட்டு வந்துதான் நம் ஆட்கள் வரிப்புலி என்று பரப்பியிருக்கிறார்கள். சாயந்தரம் வந்த வனத்துறை வாட்சர் அண்ணன் அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வரியா, புள்ளியா?" அக்கா யோசித்து, "இருட்டுல வாலைத்தான் தம்பி பார்த்தேன்" என்றார்.

தொட்டிக்கு எதிரே கேமரா கட்டிவிட்டுப் போனார்.

அக்டோபர் 17

ராத்திரி நல்ல மழை. காலையில் தொட்டியடிச் சேற்றில் தடம். வாட்சர் ஸ்கேல் வைத்தார். அகலம் 8 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. நகம் பதியவில்லை, நாயாக இருந்தால் பதிந்திருக்கும். பின்பக்க மெத்தையில் மூன்று மடிப்பு. வளர்ந்த புலி என்றால் 12 செ.மீ. போல வருமாம். "சிறுத்தை" என்றார். என் உள்ளங்கையை மேலே பிடித்துப் பார்த்தேன். தடம் அப்படியே மறைந்தது.

அக்டோபர் 20

கேமராவில் முள்ளம்பன்றியும் தெருநாய்களும்தான் விழுந்திருக்கின்றன. அதனால் பாதிப் பேர் ஒன்றுமே வரவில்லை என்கிறார்கள். மீதிப் பேர், "சிறுத்தைதானே!" இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் பந்தலூரில் மூன்று வயதுக் குழந்தையைக் கொன்றது சிறுத்தைதான்.

லயத்துக்குப் பின்னால் கொட்டும் கோழிக்கழிவுக்கு நாய் வருகிறது, நாய்க்குச் சிறுத்தை வருகிறது. இன்று நாங்கள் நாலு பேர் அந்தக் குழியை மண் தள்ளி மூடினோம். பள்ளிக்கூடப் பாதையில் இடுப்பளவு நின்ற உண்ணிச்செடியையும் வெட்டினோம்; கையெல்லாம் கீறல். நாளையிலிருந்து பிள்ளைகள் ஒன்றாகத்தான் போகவேண்டும், முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர். நாளைக்குப் பின்னால் போவது நான்.