எட்டு மணிக்கு எடுக்க வேண்டிய ரத்தம்

"கார்டிசால்தானே, எப்ப எடுத்தா என்ன அண்ணாச்சி? டோக்கன் வரிசைப்படிதான்" என்று அந்த லேப் பெண் சொன்னபோதே சண்டை பிடித்திருக்க வேண்டும். உடம்பில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது. உட்கார்ந்துவிட்டேன். எழுந்து நின்றாலே கண்ணை இருட்டிக்கொண்டு வந்த காலம் அது.

அதற்கு முன்பே எட்டு மாதம் வீணாய்ப் போயிருந்தது. 11 கிலோ இறங்கி, முகமும் விரல் முட்டிகளும் கறுத்து, போகிற கல்யாண வீட்டிலெல்லாம் "வெயில்ல அலையாதல" என்று புத்திமதி. உப்பு நார்த்தங்காயைச் சோறில்லாமலே தின்றுகொண்டிருந்தேன். வீட்டில் கேலி செய்தார்கள். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, 124 என்று குறைந்து வந்த பிறகுதான் திருநெல்வேலியில் ஒரு ஹார்மோன் டாக்டரிடம் போகச் சொன்னார்கள்.

அவர் உள்ளங்கை ரேகையைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார். பிறகு சீட்டின் பின்பக்கம் சிறுநீரகத்தை வரைந்து, அதன் தலையில் குல்லா மாதிரி ஒன்றை வைத்தார். அட்ரினல் சுரப்பி. ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான். வெளியே புறணி மூன்று அடுக்கு: மேலடுக்கில் உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டிரோன், நடுவில் கார்டிசால், அடியில் கொஞ்சம் ஆண்மை ஹார்மோன்கள். உள்ளே அகணி, அட்ரினலின் அங்கேதான். என் புறணி படுத்துவிட்டது என்று அவருக்குச் சந்தேகம். நார்த்தங்காய்க்குக் காரணம் அந்த மேலடுக்கு! கறுப்புக்கும் கணக்கிருந்தது. கார்டிசால் வராததால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி, ஏசிடிஹெச் என்ற ஹார்மோனை அனுப்பி விரட்டிக்கொண்டே இருக்கும். அதுவே தோலின் நிறமிச் செல்களையும் தூண்டிவிடுமாம்.

காலை 8 மணிக்குக் கார்டிசால், கூடவே ஏசிடிஹெச். கார்டிசால் விடியலில் உச்சத்தில் இருந்து நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்குவது, அதனால்தான் அந்த நேரம். எங்கள் ஊர் லேப்பில் எனக்கு ஊசி குத்தியது 11.20-க்கு. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனால் டாக்டர் நேரத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மாத்திரையாவது தாருங்கள் என்றேன். மாத்திரையே கார்டிசால்தான், அதைப் போட்டால் டெஸ்ட் குழம்பிவிடும் என்றார். வாந்தி எடுத்தால் மட்டும் டெஸ்டை மறந்துவிட்டு நேரே அவசர சிகிச்சைக்கு ஓடச் சொன்னார்.

அன்றிரவு மச்சான் வீட்டில் தங்கி, மறுநாள் 7.40-க்கே இன்னொரு லேப் வாசலில் நின்றேன். கார்டிசால் சரியாக எடுத்தார்கள். ஏசிடிஹெச் ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் எடுத்து உடனே ஐஸில் வைக்க வேண்டும். தம்பி அதை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். மாலையில் போன் வந்தது: "சாம்பிள் ரிஜெக்ட் ஆயிட்டு சார்." மூன்றாம் முறை ஐஸ் பெட்டியைப் பார்த்த பிறகுதான் கையை நீட்டினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

கார்டிசால் 1.8 (மைக்ரோகிராம்/டெசிலிட்டர்). எட்டு மணிக்கு 3-க்குக் கீழே போனாலே சந்தேகம் உறுதிப்பட்ட மாதிரிதானாம். ஏசிடிஹெச் எங்கேயோ உயரத்தில். அட்ரினல் புறணி படுத்துவிடும் இந்த நோய்க்குப் பெயர் அடிசன் நோய். நம் நாட்டில் காசநோயும் இந்தச் சுரப்பியைத் தின்றுவிடும் என்பதால் சிடி ஸ்கேன். அந்த அடையாளம் இல்லை, இரண்டும் சுருங்கியிருந்தன. என் எதிர்ப்புச் சக்தியே செய்த வேலை என்றார்.

கடைசிக் கூத்து மெடிக்கலில். கார்டிசால் மாத்திரையான ஹைட்ரோகார்டிசோன் 10 மி.கி. கேட்டால் கடைக்காரர் தோலில் தடவும் கிரீமை எடுத்து நீட்டினார். அடுத்த கடையில் "இல்ல, வேற ஸ்டீராய்டு தரட்டா?" டாக்டரைக் கேட்காமல் மாற்றி வாங்காதீர்கள். நான்காவது கடையில் சொல்லிவைத்து இரண்டு நாளில் வந்தது. உப்புக்கான ஃப்ளூட்ரோகார்டிசோன் அங்கேயே இருந்தது. இப்போது ஒரு மாத ஸ்டாக் இல்லாமல் இருப்பதில்லை. காய்ச்சல் என்றால் ஹைட்ரோகார்டிசோன் அளவு இரட்டிப்பு. வாந்தி என்றால் அதே மருந்து 100 மி.கி. ஊசியாக. அதைப் போட வீட்டுக்காரிக்கு நர்ஸ் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் மாடிப்படியை நிற்காமல் ஏறினேன். நார்த்தங்காய் ஜாடி மூடியபடியே இருக்கிறது.