பின்வரிசைக்கு வாலிஸ்னேரியா

மீன் தொட்டியின் பின்புறக் கண்ணாடியை மறைத்து, மணலிலிருந்து நீர்மட்டம் வரை நாடா நாடாவாக நெளிந்து நிற்க ஒரு செடி வேண்டுமென்று யார் கேட்டாலும், நான் தயங்காமல் வாலிஸ்னேரியாவைத்தான் சொல்வேன். கரியமில வாயு உருளையோ பிரகாசமான விளக்கோ அதற்குத் தேவையில்லை. நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் திறன் இருப்பதால், மென்னீர்ச் செடிகள் சோர்ந்துபோகும் கடின நீரிலும் அது செழித்து வளர்கிறது.

பொறுமை வேண்டியது முதல் சில வாரங்களுக்குத்தான். புதிய நீருக்குப் பழகும்வரை பழைய இலைகள் வெளிறி, கண்ணாடித்தாள் போலாகி, கூழாய்க் கரையும். என் முதல் தொட்டியில் பத்தாம் நாளே எல்லாம் செத்துவிட்டதென்று பிடுங்கியபோது, ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை வேர்களும், அரிசிமணி அளவில் பச்சைக் குருத்தும் இருப்பதைக் கண்டு மிகவும் வருந்தினேன். கரைந்த இலைகளை மட்டும் கிள்ளியெடுத்துவிட்டு, அடியைத் தொடாமல் விட்டிருக்க வேண்டும்.

நடும்போது வேர் முழுவதும் மணலுக்குள் இருக்க வேண்டும். ஆனால் வேரிலிருந்து இலைகள் பிரியும் வெளுத்த கழுத்து புதைந்தால் அழுகிவிடும். ஆகவே சற்று ஆழமாக ஊன்றி, கழுத்து வெளியே தெரியும்வரை மெல்ல மேலே இழுத்துவிடுகிறேன். மணல் 5 அல்லது 6 செ.மீ. ஆழம் இருந்தால் போதும். வெறும் மணலில் சத்து இராது என்பதால் வேரருகே உரமாத்திரை வைப்பது நல்லது.

குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினி கலந்து, தொட்டிச் செடிகளுக்கென விற்கப்படும் 'திரவ கார்பன்' மட்டும் இதற்கு ஆகாது. பாசியை ஒழிக்க நான் அதை ஊற்றிய வாரத்தில், பாசிக்கு முன்பே வாலிஸ்னேரியா இலைகள் கரையத் தொடங்கின.

வேரூன்றியபின் ஓடுதண்டுகள் மணலை ஒட்டிப் படர்ந்து, சாண் இடைவெளிக்குள் கன்று வைக்கும். கன்றுக்குச் சொந்த வேர் பிடித்து நான்கைந்து இலைகள் வந்தபிறகே தாயிடமிருந்து வெட்டுவேன். ஜைஜான்டியா வகையின் இலை ஒரு மீட்டரையும் தாண்டி, நீர்மேல் படிந்து மற்ற செடிகளுக்கு நிழலடிக்குமாதலால், சிறிய தொட்டிக்கு ஸ்பைராலிஸ் வகையே ஏற்றது.

ஆண், பெண் செடிகள் இதில் தனித்தனி. என் தொட்டியில் உள்ளவை யாவும் ஒரே தாயின் கன்றுகள், அனைத்தும் பெண். நூல் போன்ற காம்பு நீர்மட்டம் வரை வளர்ந்து, நுனியில் மிளகைவிடச் சிறிய வெண்பூவை மிதக்கவிடும். அது பூக்கும் நாட்களில் வடிகட்டியின் ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறேன்.