ஆறு பக்கப் படிவமும் ஞாயிற்றுக்கிழமை இடாப்பும்

எங்கள் முகாமைத்துவ பீடத்தின் சிறந்த மாணவர் விருதுக்கு நான் விண்ணப்பித்தது 2024இல், இறுதி வருடத்தில். படிப்பையும் படிப்புக்கு வெளியே செய்தவற்றையும் சேர்த்துப் பார்த்துக் கொடுக்கிற விருது அது. அறிவித்தல் பலகையில் கடதாசி ஒட்டியது ஏப்ரலில், நேர்முகம் நடந்தது செப்டம்பரில். இடையில் நான் அலைந்த அலைச்சலில் பாதியாவது அடுத்தவருக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழில் உயர்தரம் படித்துவிட்டு ஆங்கில மொழிமூலப் பட்டப்படிப்புக்கு வந்த தம்பி தங்கைகள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

நான் கொழும்பு, கொட்டாஞ்சேனை. அப்பா புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், கிழங்கு மொத்தக் கடையொன்றில் கணக்கெழுதுகிறார். உயர்தரத்தில் எனக்குக் கணக்கீட்டில் ஏ. ஆனால் முதலாம் வருட விரிவுரையில் ‘அக்ருவல்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வர, அது இரண்டு வருடம் நான் எழுதிப் பழகிய ‘அட்டுறு’தான் (காசு கைமாறாவிட்டாலும் அந்தக் காலத்துக்கே கணக்கில் எழுதுகிற வரவு செலவு) என்று பிடிபடவே இரண்டு கிழமை போய்விட்டது. தெரிந்த பாடமே தெரியாத முகத்தோடு வந்து நின்றது. அது பிடிபட்டு முடிய 2020 மார்ச் ஊரடங்கு வந்தது. மிச்சப் படிப்பெல்லாம் போன் திரையில். முதல் செமஸ்டரில் என் ஜீபீஏ, அதாவது தரப்புள்ளிச் சராசரி, 2.85.

விண்ணப்பிக்கும்போது அது 3.61 ஆகியிருந்தது. முதலாம் வகுப்புக்கான கோடு 3.70. படிவம் கேட்ட குறைந்தபட்சம் 3.50. என்னுடைய பட்ச்சிலேயே 3.9 எடுத்தவர்கள் இருந்தார்கள். “புள்ளி மட்டும் பார்த்தால் நீ வரமாட்டாய், ஆனால் இது புள்ளி மட்டும் பார்க்கிற விருது இல்லை, போடு” என்று சொன்னது எனக்கு இரண்டு வருடம் மூத்த அக்கா ஒருவர். வெளிநாட்டு வணிகக் கல்லூரிகளில் 1913இலிருந்து பீட்டா காமா சிக்மா என்றொரு கௌரவ அமைப்பு இருக்கிறது. அங்கே இளநிலைப் பட்ட மாணவர்களில் புள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வருபவர்களைத்தான் அழைப்பார்கள். எங்களுடைய விருது அப்படியில்லாதது எவ்வளவு நல்லது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

படிவம் ஆறு பக்கம். முதல் ஒன்றரைப் பக்கம் படிப்பு. அதை நிரப்ப அரை மணித்தியாலம் போதும். மிச்சமெல்லாம் சங்கம், விளையாட்டு, போட்டி, ஆய்வு, சமூகப் பணி என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் ‘மட்டம்’ என்று ஒரு நிரல்: சர்வதேசம், தேசியம், பல்கலைக்கழகம், பீடம். அதற்குப் பக்கத்தில் ‘ஆதாரம்’. ஆதாரம் இல்லாத வரி கணக்கில் சேராது என்று தடித்த எழுத்தில் கீழே போட்டிருந்தார்கள்.

மூன்று வருடம் உழைத்தேன், கடதாசி சேர்க்கவில்லை. என்னிடம் கையில் இருந்தது ஒரு வியாபாரத் திட்டப் போட்டியின் சான்றிதழ் மட்டும். தமிழ் மன்றத்தில் கனிஷ்ட பொருளாளராக இருந்தேன், அதற்கு ஒரு துண்டுகூட இல்லை. மட்டக்குளியில் மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்கீடு சொல்லிக் கொடுத்தேன், அதற்கும் இல்லை.

முதலில் தமிழ் மன்றம். மாணவர் சங்கம் எதுவானாலும் விரிவுரையாளர் ஒருவர் சிரேஷ்ட பொருளாளராக இருப்பார், உறுதிப்படுத்த வேண்டியவர் அவர்தான். என் காலத்தில் இருந்த சேர் கலாநிதிப் பட்டத்துக்காக வெளிநாடு போய்விட்டார். மின்னஞ்சல் போட்டேன், பதினொரு நாளில் கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் பண்ணி அனுப்பினார். அலுவலகத்தில் மூலப்பிரதி வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதிதாகப் பொறுப்பேற்ற மிஸ்ஸிடம் போனேன். “நான் பார்க்காத வேலைக்கு நான் எப்படிக் கையெழுத்து வைப்பது? கணக்குகளைக் கொண்டு வாங்கோ” என்றார்.

கொண்டுபோனேன். இரண்டு பின்னேரம் அவருடைய அறையில் உட்கார்ந்தோம். ரசீதுக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டியவர், பொங்கல் விழாவுக்குக் கரும்பு வாங்கிய துண்டைக் கையில் எடுத்து, “இதில் கடை முத்திரை இல்லையே” என்றார். கடை இல்லை மிஸ், லொறியில் வைத்து விற்றவரிடம் வாங்கியது, பின்பக்கம் பாருங்கள் என்றேன். பின்பக்கத்தில் விற்றவரின் கையெழுத்தும் போன் நம்பரும் இருந்தன, பக்கத்தில் எத்தனை கட்டு, கட்டு என்ன விலை என்று நான் பென்சிலால் எழுதியதும் இருந்தது. துண்டு இல்லாத செலவுக்கு ஆளிடமே எழுதி வாங்கு என்பது அப்பா சொல்லித் தந்தது. மிஸ் அந்தத் துண்டை மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த நாள் அவர் தந்த கடிதத்தில் ‘மூன்று வருடக் கணக்குகளையும் நானே பரிசோதித்தேன்’ என்று ஒரு வரி இருந்தது. பதவியின் பேரை மட்டும் போட்ட கடிதம் பத்து இருந்தாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

இதற்கிடையில் மே 2ஆம் திகதி பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்கள் சம்பளக் கோரிக்கையோடு நாடு முழுக்க வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. பெறுபேற்றுப் பத்திரம் எடுக்க வழியில்லை. கடைசித் திகதியைத் தள்ளி வைத்தார்கள். எனக்கு அது ஒரு விதத்தில் உதவிதான், ஏனென்றால் மட்டக்குளிக் கடிதம் அப்போதும் கிடைத்திருக்கவில்லை.

அந்த வகுப்பு நடந்தது ஒரு தேவாலய மண்டபத்தில். பிள்ளைகளை அனுப்பி வைத்தது பக்கத்துப் பாடசாலையின் வணிகப் பிரிவு ஆசிரியை. அவரிடம் போய் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும் என்றேன். “தமிழில்தான் எழுதுவேன் பிள்ளை. ஆங்கிலத்தில் எழுதினால் நான் நினைக்கிறது வராது” என்றார். இரண்டு பக்கம் எழுதித் தந்தார். யார் யார் வந்தார்கள், எந்தப் பிள்ளை பெறுமானத் தேய்வில் தடுமாறியது, 2022இல் எரிபொருள் இல்லாமல் கொழும்புப் பாடசாலைகளே மூடிக்கிடந்த ஜூன் மாதத்தில் வகுப்பு எப்படி நடந்தது என்று எல்லாம் அதில் இருந்தது. நான் மறந்தே போன சங்கதிகள். அதைத் தூக்கிக்கொண்டு புதுக்கடைக்குப் போய், நீதிமன்றத்துக்குக் கிட்ட சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் முத்திரையோடு கிடைத்தது. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே கட்டினேன். சும்மா நண்பர்களை வைத்து மொழிபெயர்த்துப் போடாதீர்கள், ஏற்கமாட்டார்கள்.

‘மட்டம்’ என்ற நிரலில் அந்த வகுப்புக்கு எதைப் போடுவது? சர்வதேசமும் இல்லை, தேசியமும் இல்லை, பல்கலைக்கழகத்துக்குள்கூட இல்லை. காசு கட்டி இணையத்தில் அரை நாள் மாநாடு ஒன்றில் இருந்து எழும்பினால் ‘சர்வதேசம்’ என்று போடலாம். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு கட்டமும் இல்லை. இது பிழை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்த நிரலில் நாலு மட்டத்தில் எதையும் போடாமல், ‘மட்டக்குளி’ என்று மட்டும் எழுதினேன்.

நேர்முகத்தில் மூன்று பேர்: இரண்டு விரிவுரையாளர்கள், வங்கியில் வேலை செய்கிற பழைய மாணவர் ஒருவர். எல்லாம் ஆங்கிலத்தில். முதல் செமஸ்டர் ஏன் 2.85 என்று கேட்டார்கள், அட்டுறுக் கதையைச் சொன்னேன். போட்டியைப் பற்றி ஒரு கேள்வி, அவ்வளவுதான். அப்புறம் வங்கிக்காரர், “22 பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். 22 பேரும் கடைசிவரை வந்தார்களா?” என்று கேட்டார்.

வகுப்பின் வரவு இடாப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஒரு சாதாரணச் சி.ஆர். கொப்பி, மட்டை பிய்ந்தது. திறந்து 2022 ஜூன் பக்கத்தைக் காட்டினேன். முதல் ஞாயிறு 14, அடுத்தது 9, அடுத்தது 9, கடைசி ஞாயிறு 6. பஸ் இல்லை, நடந்து வரக்கூடியவர்கள் மட்டும் வந்தார்கள் என்றேன். வராதவர்களுக்குப் பாடத்தைக் குரல்பதிவாக வாட்ஸப்பில் அனுப்பினேன், மின்வெட்டு முடிந்து போன் சார்ஜ் ஏறிய பிறகு இரவு பதினொரு மணிக்கெல்லாம் கேட்டுவிட்டுக் கேள்வி அனுப்புவார்கள் என்றும் சொன்னேன். நான்கு பேர் திரும்ப வரவேயில்லை, அவர்களில் இரண்டு பேர் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லும்போது என் குரல் உடைந்தது. அவர் கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அந்த 9ஐயும் 6ஐயும் மறைத்து 22 என்றே சொல்லியிருந்தால் அந்த அறையில் எனக்குப் பேச வேறொன்றும் இருந்திருக்காது.

முதலிடம் எனக்குக் கிடைக்கவில்லை. அது 3.9 எடுத்து, வலைப்பந்தில் பல்கலைக்கழக அணிக்கும் ஆடிய ஒருவருக்குப் போனது. முழுத் தகுதியோடு வாங்கினார். எனக்கு இரண்டாமிடம். விழாவுக்கு அப்பா கடையில் அரை நாள் லீவு கேட்டு வெள்ளைச் சேர்ட்டோடு வந்தார், அம்மா மேடையைப் பார்த்தபடியே அழுதார். ஆசிரியையும் மட்டக்குளிப் பிள்ளைகள் ஐந்து பேரும் கடைசி வரிசையில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது எங்கள் பீடத்திலேயே முதலாம் வருடம்.

தமிழ் மன்றத்தில் இப்போது பொருளாளராக இருக்கிற தங்கையைப் போன கிழமை சந்தித்தேன். பதவிக்காலம் முடிகிற அன்றே, சிரேஷ்ட பொருளாளர் நாட்டில் இருக்கும்போதே, என்ன செய்தாய் என்பதை விவரமாக எழுதிய கடிதத்தை மூலப்பிரதியாக வாங்கிவிடு என்றேன். துண்டு தராத வியாபாரியிடம் என்ன செய்வது அக்கா என்று கேட்டாள். கரும்புத் துண்டின் பின்பக்கத்தைப் போனில் படமெடுத்து அனுப்பினேன்.