நன்றி கார்டில் நடுவர் பெயர்: குறும்பட விழாவுக்கு ஜூரி அமைத்த அனுபவம்

போட்டிப் பிரிவின் இரண்டாம் நாள். படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் வந்த நன்றி கார்டில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் நடுவர் ஒருவரின் பெயர். அரங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் போட்டியில் படம் வைத்திருந்த இயக்குநர்கள். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அன்று மாலைக்குள் எழுத்துப்பூர்வமாக ஒரு புகார் வந்து சேர்ந்தது.

அந்த நடுவர் எதையும் மறைக்கவில்லை. எப்போதோ ஒரு நண்பர் கேட்டாரென்று ரஃப் கட் (இறுதியாகாத முதல் தொகுப்பு) பார்த்து அரை மணி நேரம் கருத்துச் சொல்லியிருக்கிறார். அப்போது படத்துக்கு வேறு தலைப்பு. அதன் பிறகு அவரே எத்தனையோ படங்களில் வேலை பார்த்துவிட்டார், நினைவில் இல்லை. கோளாறு நடுவர்களிடம் நாங்கள் வாங்கிய படிவத்தில் இருந்தது. "போட்டியிலுள்ள படங்களோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தோம். அப்படிக் கேட்டால் யாரும் "இல்லை" என்றுதான் எழுதுவார்கள். அதிலும் படப்பட்டியலை அனுப்புவதற்கு முன்பே படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தோம்!

சிறிய விழாவுக்கு ஜூரி சேர்க்கப் போகிறவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிடுகிறேன். போட்டிப் படங்கள் முடிவானதும் ஒவ்வொன்றின் பெயர்ப்பட்டியலையும், நன்றி கார்டு உட்பட, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெயர்களை ஒரு தாளில் ஏற்றுங்கள். எங்கள் போட்டியில் 28 படங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலை வேலை. அதை நடுவராக அழைக்கவிருப்பவர்களின் பெயர்களோடு ஒப்பிட்ட பிறகு அழைப்பு அனுப்புங்கள். படிவத்தில் பொதுவாகக் கேட்காமல் தனித்தனியாகக் கேளுங்கள்: இந்தப் படத்தின் எடிட்டிங், டி.ஐ. (வண்ணச் சீரமைப்பு), மிக்ஸிங், டப்பிங் எதிலாவது கை வைத்தீர்களா? கதையோ ரஃப் கட்டோ பார்த்துக் கருத்துச் சொன்னீர்களா? கேமராவோ லென்ஸோ இரவல் கொடுத்தீர்களா? இயக்குநர் உங்களிடம் உதவியாளராக இருந்தாரா, உங்கள் வகுப்பில் படித்தாரா, உறவினரா? இப்போது அவரோடு ஏதாவது படம் பேசிக்கொண்டிருக்கிறீர்களா? இந்தத் துறையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அறிமுகம் இருப்பது குற்றமே இல்லை. எந்த அளவு தொடர்பு இருந்தால் அந்தப் படத்துக்கு மட்டும் விலக வேண்டும், எந்த அளவு என்றால் நடுவராகவே இருக்கக் கூடாது என்பதை விதியில் எழுதிவைத்திருக்க வேண்டும். நாங்கள் எழுதிவைக்கவில்லை.

ஆள் சேர்த்த கதை சுருக்கமானது. ஐந்து பேர்: இயக்குநர், எடிட்டர், ஒளிப்பதிவாளர், சவுண்ட் டிசைனர், திரை விமர்சகர். பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் தலைவரோடு சேர்த்து ஒன்பது பேர் உட்காருவார்கள். நமக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம், தேதி ஒத்துவராது. மேனேஜர் "சார் ஓகே சொல்லிட்டார்" என்பதை உறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு முதலில் ஒப்புக்கொண்ட இயக்குநருக்கு வெளியூர் ஷெட்யூல் தள்ளிப்போய், விழாவுக்கு ஒன்பது நாள் முன்பு வர முடியாமல் போனது. மாற்று ஆள் ஒருவரிடம் முன்பே பேசிவைத்திருந்ததால் தப்பித்தோம். ஆனால் அவருக்கு முதல் நாளே படங்களைப் பார்க்கும் லிங்க் அனுப்பியிருக்க வேண்டும். ஒன்பது நாளில் 28 படம் பார்ப்பது அவருக்கும் கஷ்டம், படங்களுக்கும் நியாயமில்லை.

வெளியூரிலிருந்து வந்த ஒளிப்பதிவாளருக்கு விமான டிக்கெட்டைத் திரைப்பெயரில் எடுத்துவிட்டோம். ஆதாரில் வேறு பெயர். விமான நிலைய வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பெயரைத் திருத்தவும் வழியில்லாமல் அந்த டிக்கெட் போய், மாலை விமானத்துக்குப் புதிதாக எடுத்தோம். முதல் திரையிடலுக்கு அவர் வரவில்லை. மதிப்பூதியத்திலும் இதே சிக்கல்தான். திரைப்பெயரில் எழுதிய காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்தது. அழைப்பு அனுப்பும்போதே ஆதாரில் உள்ள பெயர், பான் எண், வங்கிக் கணக்கில் உள்ள பெயர் மூன்றையும் ஒரே தாளில் வாங்கிவிடுங்கள். மதிப்பூதியம் வரிப்பிடித்த வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். பான் இல்லையென்றால் அது 20 சதவீதம். "கைக்கு எவ்வளவு வரும்" என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு மனவருத்தம் இல்லை.

அரங்கு அலுவலகத்தில் ஒரு முழு நாள் வீணானது. தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படங்களை விழாவில் திரையிட, சினிமாட்டோகிராஃப் சட்டம் 1952, 9-ஆம் பிரிவின் கீழ் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்க வேண்டும் என்பது விழா நடத்துகிறவர்களுக்குத் தெரிந்ததே. அதற்குப் படப்பட்டியல், கதைச்சுருக்கம், முன்பார்வைக் குழுவின் (படங்களை முதலில் பார்த்துத் தேர்வு செய்யும் குழு) பரிந்துரை எல்லாம் போக வேண்டும். அது சிக்கலில்லாமல் நடந்தது. விலக்குக் கடிதத்தோடு அரங்குக்குப் போனால், அங்கிருந்த எழுத்தர் நிகழ்ச்சி நிரலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு தலைப்பாகச் சரிபார்த்தார். ஒரு படத்தின் தலைப்பு கடிதத்தில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. "இது வேற படம்" என்று கோப்பை மூடிவிட்டார். இயக்குநரின் விளக்கக் கடிதத்தைக் காட்டியும் ஏற்கவில்லை. அடுத்ததாக, "நடுவர்கள் கையெழுத்து எங்கே?" என்றார். முன்பார்வைக் குழு வேறு, ஜூரி வேறு என்று விளக்கிப் புரியவைப்பதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது. மறுநாள் நிகழ்ச்சி நிரலையே கடிதத்தில் உள்ளபடி திருத்தி அச்சடித்துக் கொண்டுபோன பிறகுதான் ஏற்றுக்கொண்டார். தலைப்புகளை ஒரே கோப்பிலிருந்து எல்லா இடத்துக்கும் ஒட்டுங்கள், தட்டச்சு செய்யாதீர்கள். ஆள் பற்றாக்குறைக்காக முன்பார்வைக் குழுவில் இருந்தவர்களையே ஜூரியிலும் போடாதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை பார்த்து "போகலாம்" என்று சொன்னவரின் கண் மறுபடி புதிதாகாது.

இனி படம் பார்ப்பது. 28 படம், சராசரி 18 நிமிடம் என்றால் ஏறக்குறைய எட்டரை மணி நேரம். கேட்க எளிதாகத்தான் தெரியும். ஷூட்டிங் இடைவேளையில் கேரவனில் லேப்டாப்பில் பார்க்கிற நடுவருக்கு அது நான்கு நாள். எங்கள் ஒளிப்பதிவாளர் ஓர் இரவுப் படத்துக்கு மிகக் குறைந்த மதிப்பெண் போட்டிருந்தார். நிழல் பகுதியெல்லாம் சதுரம் சதுரமாகத் தெரிந்ததாம். இணைய வேகம் குறைந்ததும் லிங்க் தானாகத் தரத்தை இறக்கியிருக்கிறது. அதே படத்தை டி.சி.பி.யில் (அரங்கில் திரையிடுவதற்கான டிஜிட்டல் பிரதி) அரங்கில் பார்த்தபோது அவரே எழுந்து வந்து, அந்த மதிப்பெண்ணை அடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சவுண்ட் டிசைனருக்கு வேறு பிரச்சினை. ஒருவர், அரங்குக்கான ஆறு சேனல் ஒலிக்கலவையான 5.1 மிக்ஸையே ஆறு டிராக்காகக் கோப்பில் ஏற்றி அனுப்பியிருந்தார். சில பிளேயர்கள் இடது, வலது மட்டும் எடுத்துக்கொண்டு நடுச் சேனலை விட்டுவிடும். வசனம் முழுக்க நடுச் சேனலில்தான் இருக்கும். இசை கேட்கிறது, ஆள் பேசுவது கேட்கவில்லை.

ஆகவே ஸ்கிரீனருக்கு (நடுவர்கள் லிங்க்கில் பார்க்கும் பிரதி) ஸ்டீரியோ மிக்ஸ் கட்டாயம் என்று அறிவிப்பிலேயே போடுங்கள். லிங்க் அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு படத்திலும் ஆரம்பம், நடு, முடிவு என்று ஒரு நிமிடமாவது ஹெட்போனில் கேட்டுவிடுங்கள். ஒளிப்பதிவு, ஒலி விருதுகளை அரங்கில் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்பதை விதியாக்குங்கள். டி.சி.பி. விநாடிக்கு 24 ஃபிரேமில் இருக்கட்டும். 25-இல் வந்த ஒன்றை எங்கள் அரங்கின் பழைய சர்வர் எடுக்கவில்லை. முந்தின இரவு சோதித்ததால் தெரிந்தது.

இன்னொன்று, இதை யாரும் எச்சரிப்பதில்லை. ஒவ்வொரு படத்தின் நீளத்தையும் நிமிடம், விநாடியோடு குறித்துக்கொண்டு, லிங்க்கிலும் டி.சி.பி.யிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். விவாதத்தில் எடிட்டர் ஒரு படத்தின் கடைசிக் காட்சியைப் பாராட்டிப் பேச, விமர்சகர் "அப்படி ஒரு காட்சியே இல்லையே" என்றார். லிங்க்கில் பழைய கட், அரங்கில் புதிய கட். இரண்டு நிமிடம் குறைத்திருக்கிறார்கள். எடிட்டர் அன்று அரங்குக்கு வராமல் லிங்க்கில் பார்த்தவர். விவாதத்தை நிறுத்தி, எல்லோருக்கும் புதிய கட்டைப் போட்டுக்காட்டிய பிறகுதான் தொடர முடிந்தது. சமர்ப்பித்த கட்டையே திரையிட வேண்டும் என்று இயக்குநர்களிடம் கையெழுத்து வாங்குவதும் நல்லது.

லிங்க் ஒவ்வொரு நடுவருக்கும் தனி பாஸ்வேர்டோடு போகட்டும். காலாவதி தேதி விழா முடிந்து பத்து நாள் தாண்டியே இருக்கட்டும். படங்களின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுங்கள். எல்லோரும் ஒரே வரிசையில் பார்த்தால் கடைசி ஆறு படங்களுக்குச் சோர்ந்த கண்தான் கிடைக்கும்.

மதிப்பெண் முறையில்தான் பெரும்பாலான விழாக்கள் தெரியாமலே அநியாயம் செய்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டுச் சராசரி எடுத்தால் என்ன ஆகும்? ஒரு படத்துக்கு நால்வர் 7, ஒருவர் 3 கொடுக்கிறார்கள். கூட்டல் 31. இன்னொன்றுக்கு அதே நால்வர் 6, அந்த ஒருவர் 9. கூட்டல் 33. ஐந்தில் நால்வர் முதல் படமே மேல் என்கிறார்கள், ஜெயிப்பது இரண்டாவது. எங்கள் முதல் தாளிலேயே கிட்டத்தட்ட இப்படித்தான் வந்தது. மதிப்பெண்ணை, கடைசிச் சுற்றுக்கு எட்டுப் படங்களை வடிகட்ட மட்டும் பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகு வரிசைதான்: ஒவ்வொருவரும் முதல் மூன்றைத் துண்டுச்சீட்டில் எழுத வேண்டும். பேச்சு தொடங்குவதற்கு முன்பே எழுத வேண்டும், இது முக்கியம். நம் துறையில் மூத்த இயக்குநர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் "சார் சொன்னா சரிதான்" என்று அடங்கிவிடுவார்கள். எங்கள் எடிட்டர் ஒரு காலத்தில் எங்கள் ஜூரி தலைவரின் படத்தில் உதவியாளராக இருந்தவர். துண்டுச்சீட்டில் அவர் எழுதியிருந்த முதல் படம் தலைவரின் மூன்றிலும் இல்லை. பிறகு வயதில் இளையவர் முதலில் பேச வேண்டும் என்று வைத்தோம். அது நன்றாக வேலை செய்தது. தலைவரும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

இப்போது நன்றி கார்டுக்கு வருகிறேன். புகார் வந்த இரவே அந்த நடுவர் தானாக முன்வந்து, சிறந்த படம் பிரிவிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தார். பெரிய மனசு. ஆனால் ஐந்து நான்கானது, வாக்கு 2–2 என்று நின்றது. தலைவருக்குத் தீர்மான வாக்கு உண்டா இல்லையா என்று எங்கள் விதியில் ஒரு வரிகூட இல்லை. பரிசைப் பகிரலாம் என்றால் பகிரலாம் என்றும் எழுதவில்லை. கேடயமும் ஒன்றுதான் செய்திருந்தோம். கான் விழாவின் முதன்மைப் பரிசான தங்கப் பனையே 1993-இலும் 1997-இலும் இரண்டு படங்களுக்குப் பகிரப்பட்டது. ஆகவே பகிர்வதில் இழிவு ஒன்றுமில்லை. அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜூரிக்கு என்ன அதிகாரம், என்ன அதிகாரம் இல்லை என்பது தெளிவாக இல்லாவிட்டால் விழாவே நின்றுபோகும். 1970-இல் பெர்லின் திரைப்பட விழாவில் அதுதான் நடந்தது. வியட்நாம் போர்க்குற்றம் பற்றிய ஒரு ஜெர்மன் படத்தைப் போட்டியில் வைப்பதா கூடாதா என்று ஜூரி தலைவர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸுக்கும் மற்றவர்களுக்கும் மூண்ட சண்டையில் ஜூரி பதவி விலகி, அந்த ஆண்டு போட்டிப் பரிசுகளே வழங்கப்படவில்லை.

நாங்கள் நான்கு மணி நேரம் பேசினோம். புதிதாக விதி எழுதி அன்றே அதன்படி முடிவெடுத்தால் இன்னொரு புகார் வரும் என்று சவுண்ட் டிசைனர் சொன்னது சரியாகப் பட்டது. ஆகவே அறிவிப்பில் இருந்ததை மட்டும் பிடித்துக்கொண்டோம். "நடுவர்களின் பெரும்பான்மை முடிவே இறுதியானது" என்று அதில் இருந்தது. பெரும்பான்மை வரும்வரை மறுபடி வாக்கெடுப்பு. இரண்டு படங்களையும் மறுபடி முழுதாகப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது சுற்றில் 3–1 ஆனது. நன்றி கார்டு படம் ஜெயிக்கவில்லை. ஜெயித்திருந்தாலும் முறை இதுதான்.

அடுத்த முறைக்கு விதி தயார். விலகிய நடுவருக்குப் பதிலாக, எல்லாப் படத்தையும் பார்த்த மாற்று நடுவர் உட்காருவார். மூன்று சுற்றிலும் சமமென்றால் பரிசு பகிரப்படும். பெயர் பொறிக்காத கேடயம் ஒன்று கூடுதலாக இருக்கும். விலகியவர் அந்தப் படம் பற்றிய பேச்சின்போது அறையிலேயே இருக்கக் கூடாது. விருதுக்கு இரண்டு வரி ஜூரிக் குறிப்பை அன்றிரவே எழுதி வாங்கிவிட வேண்டும். மறுநாள் மேடைக்குப் பின்னால் நின்று கேட்டால் "அருமையான முயற்சி" என்பதைத் தவிர எதுவும் கிடைக்காது.

எங்களைக் காப்பாற்றியது நடவடிக்கைக் குறிப்பேடு. ஒரு தன்னார்வலர் அறையில் உட்கார்ந்து, யார் எப்போது வெளியே போனார், எந்தச் சுற்றில் எத்தனை வாக்கு, எந்தப் படம் மறுபடி போடப்பட்டது என்று நேரத்தோடு எழுதியிருந்தார். யார் யாருக்கு வாக்களித்தார் என்பது அதில் இல்லை. ஐந்து பேரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டிருந்தார்கள். புகார் கொடுத்த இயக்குநரை நிறைவு விழாவுக்கு முன் அழைத்து அதை முழுதாகப் படிக்கக் கொடுத்தோம். நடுவர் விலகி வெளியேறிய நேரம் இருந்த வரியில் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். அவர் படத்துக்கும் பரிசு இல்லை என்பது அப்போது அவருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். அந்த மேசையிலேயே புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு அரங்குக்குள் போனார்.