கார் ஷெட்டுக்காக உள்சுவரை எடுக்கறதுக்கு முன்னால

மாருதி 800-க்குன்னு கட்டின ஷெட்டுல இன்னோவா கிரிஸ்டாவை நிறுத்தினா வால் பாதி வெளியதான் நிக்கும். அதோட நீளம் 4.7 மீட்டருக்கு மேல, அகலம் 1.83 மீட்டர். கதவைத் திறந்து சிரமமில்லாம இறங்கணும்னா உள்ளளவு 10 அடிக்கு 18 அடியாவது வேணுங்க. பின்னாடி ரூமைச் சேர்த்துக்கலாம்னு அந்த நடுச்சுவர் மேலதான் எல்லாருக்கும் கண்ணு போகும்.

9 இஞ்சு சுவர்னா பாரம் தாங்கும், 4½ இஞ்சுன்னா வெறும் தடுப்பு, இடிச்சுப் போடலாம்னு சொல்றது பாதிதான் சரி. சுவரோட உச்சியில, கூரைத் தளத்துக்கு அடியில ஒரு அடிக்குப் பூச்சைக் கொத்திப் பாருங்க. பில்லருக்கு பில்லர் ஓடற பீம் தெரிஞ்சா கவலை குறைவு. செங்கல் நேரா தளத்துல முட்டி நின்னா, சுவர் எத்தனை இஞ்சா இருந்தாலும் தளம் அது மேலதான் உட்கார்ந்திருக்குன்னு எடுத்துக்கோங்க.

ஏன்னா ரெண்டு 10 அடி ரூமுக்கு நடுவுல இருக்கற தாங்கலை எடுத்தா தளம் 20 அடி தாண்டணும். தாண்டற நீளம் ரெண்டு மடங்கானா வளைக்கற விசை நாலு மடங்காகும். 10 அடிக்குக் கட்டின கம்பி அதைத் தாங்காது. அதோட, சுவருக்கு நேர் மேல தளத்தோட மேல்பக்கம் இழுவிசை இருந்த இடத்துல, சுவர் போனதும் அடிப்பக்கம் இழுக்கும். அங்க போதுமான கம்பியே இருக்காது. அன்னைக்கே விழாம நின்னாலும், ஒரு மழைக்காலம் போனதும் நடுவுல முடி மாதிரி விரிசல் வரும்.

அதனால சுவர் போற இடத்துல இரும்பு பீம் வரணும். 10 அடி திறப்பு, ரெண்டு பக்கமும் 10 அடி ரூம், மாடி இல்லைன்னா ஐஎஸ்எம்பி 250, அதாவது 250 மில்லிமீட்டர் உசரமான ‘ஐ’ வடிவ இரும்பு பீம், சுமாரான கணக்கு. மாடி இருந்தா இந்தக் கணக்கு செல்லாது. என்ஜினியர்கிட்ட கணக்குப் போட்டே வாங்குங்க. 12 அடித் துண்டு 130 கிலோவுக்கு மேல வரும், ரெண்டு பேர் தூக்கற சாமானில்ல. ரெண்டு முனையும் 9 இஞ்சாவது சுவர்ல ஏறணும். வெறும் செங்கல் மேல வைக்கக் கூடாது; பீம் முனை உட்கார கம்பி போட்ட கான்கிரீட் கட்டை (பெட் பிளாக்), 18 இஞ்சு நீளம், 9 இஞ்சு உயரம், 7 நாள் தண்ணி விட்டு இறுகினதுக்கு அப்புறம்தான் பாரம்.

இடிக்கறதுக்கு முன்னால கரண்ட் லைனை நிறுத்திட்டு, சுவருக்கு ரெண்டு பக்கமும் 2½ அடி தள்ளி ஜாக்கி முட்டு (திருகி உசரம் மாத்தற இரும்புத் தூண்). 3 அடிக்கு ஒண்ணு, ஆக 10 அடிக்கு மொத்தம் எட்டு முதல் பத்து. மேலயும் கீழயும் 4 இஞ்சு மரச்சட்டம் கட்டாயம், இல்லைன்னா ஜாக்கியோட காலு தரையைக் குத்தும். தளத்தைத் தூக்கற அளவுக்கு முறுக்காதீங்க. தூக்கினா விரிசல் அங்கயே ஆரம்பம். தாங்கினாப் போதும்.

மேல இருந்து கீழ, உளியும் சுத்தியலும்தான். பிரேக்கர் மிஷின் அதிர்ச்சி பக்கத்துச் சுவரையும் ஆட்டும். மேல் வரிசைகளை எடுத்து பீமை ஏத்தி, தளத்துக்கும் பீமுக்கும் நடுவுல இரும்புத் தகடு ஆப்பு அடிச்சு, சுருங்காத கிரவுட் (இடைவெளியை அடைக்கற ரெடிமேட் சிமெண்டுக் கலவை) அடைங்க. சாதா சிமெண்டுக் கலவை சுருங்கி இடைவெளி விடும், தளம் அந்த அளவுக்கு இறங்கிப்போடும். கிரவுட் போட்டு ஒரு வாரம் ஆகாம ஜாக்கியைத் தொடாதீங்க. ரெண்டு நாள்ல ஜாக்கியைக் கழட்டி வாடகை மிச்சம் பண்றவங்க வீட்டுலதான் விரிசல் அதிகம்.

10 அடிக்கு 10 அடி, 9 இஞ்சு சுவர்னா சுமார் 4 டன். இடிஞ்சு உதிர்ந்தா ஒரு யூனிட்டை (100 கன அடி) தாண்டும். சுண்ணாம்புக் கலவையில கட்டினதுன்னா முழுக்கல் நிறைய தேறும். கோயமுத்தூர் தடாகம் செங்கல் சூளைகள் 2021-ல மூடினதுல இருந்து பழைய கல்லுக்கும் மவுசுங்க.

பலரும் மறக்கறது தரை மட்டம். ரூம் ஷெட்டைவிட ஒன்றரை அடி உசரத்துல இருக்கும். உள்ளே மண்ணை வெட்டி இறக்கறப்ப, மிச்சச் சுவர்களோட கருங்கல் அடித்தளத்துக்குக் கீழ போகாதீங்க. பல்லடம், உடுமலைப் பக்கம் கரிசலா இருந்தா ஒரு அடி எடுத்துட்டு கிராவல் போட்டு இடிச்சு கெட்டிப்படுத்தி, அது மேல 4 இஞ்சு கான்கிரீட். வாசல் பக்கம் 10 அடிக்கு ஒரு இஞ்சாவது சரிவு விடுங்க, கார் கழுவற தண்ணி ஹாலுக்குத் திரும்பாது.