கன்றுக்கும் போகும் மரபணு

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் கால்நடை மருத்துவராக வேலை பார்க்கிறேன். சினை ஊசி போடும் நாளில், காளையின் உறைந்த விந்து அடைத்த குச்சியைத் திரவ நைட்ரஜன் கலனிலிருந்து எடுத்து, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்துத் துடைப்பேன். அதற்குள், "நல்ல வம்சத்துக் காளைதானே, டாக்டர்?" என்று மாட்டுக்காரர் கேட்டுவிடுவார். குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைப் படித்துக் காட்டுவேன்.

மரபணு மாற்றிய குளோன் கால்நடைகளை, அதாவது ஒரே உயிரணுவிலிருந்து நகலாக உருவாக்கியவற்றைப் பற்றிப் படிக்கும்போது எனக்கும் அதே கேள்விதான் எழுகிறது. உயிரணுக்களுக்குள் புதிய மரபணுவைச் செலுத்தினால் சிலவற்றில்தான் அது சேரும். அவற்றைப் பிரித்தெடுக்க, ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் குறிப்பான் மரபணு ஒன்றையும் கூடவே அனுப்புகிறார்கள். மருந்தை ஊற்றினால் மற்றவை செத்துவிடும். பிழைத்த உயிரணுவின் உட்கருவிலிருந்து குளோன் பிறக்கும். மனித ரத்தம் உறைவதற்கான புரதத்தைப் பாலில் பெறுவதற்காக 1997இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கிய பாலி என்ற செம்மறியாடு இந்த வழியில் வந்ததுதான். வேலை முடிந்த பின்னும் குறிப்பான் மரபணு அந்த விலங்கின் உடல் முழுக்க இருக்கும். கன்றுக்கும் குட்டிக்கும் போகும்.

அந்தப் பாலையோ இறைச்சியையோ சாப்பிடுவதை நினைத்து நான் அஞ்சவில்லை. குறிப்பான் மரபணு உண்டாக்கும், நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை முடக்கும் புரதம் இரைப்பையில் விரைவிலேயே சிதைந்துவிடும். விலங்கின் மரபணு குடல் பாக்டீரியாவுக்குத் தாவி, அதை மருந்துக்கு அடங்காததாக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. மடிநோய்க்குக் கடையில் வாங்கிய மருந்தை இரண்டு வேளை போட்டுவிட்டு நிறுத்தும் தொழுவங்களில்தான் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. அந்தக் கொடுமையைக் கண்ணெதிரே பார்க்கிறேன்.

என்னை உறுத்துவது வேறு. அமெரிக்காவில் மரபணுத் திருத்தத்தையும் குளோனிங்கையும் சேர்த்து, 2015இல் கொம்பு முளைக்காத இரண்டு காளைகளைப் பிறக்க வைத்தார்கள். அந்நிய மரபணு எதுவும் இல்லை என்றே நம்பினார்கள். 2019இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் தரவுகளை மறுபடி அலசியபோது, திருத்தத்தைச் சுமந்து சென்ற பாக்டீரியா டிஎன்ஏ, ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களோடு உள்ளேயே தங்கியிருந்தது தெரிந்தது. அவற்றில் ஒரு காளைக்கு ஆய்வுக்காகப் பிறந்த ஆறு கன்றுகளில் நான்குக்கு அது போயிருந்தது. உருவாக்கியவர்கள் அதைத் தேடவே இல்லை.

ஒரு காளையின் விந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போகிறது. நம் நாட்டில் ஹரியானாவின் கர்னாலில் 2009இலேயே எருமைக் குளோன் பிறந்துவிட்டது; அதில் மரபணு மாற்றம் இல்லை. நாளை மரபணு மாற்றிய காளை ஒன்று இங்கே வந்தால், விந்து சேகரிப்பதற்கு முன்பே அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து, சுமந்து வந்த டிஎன்ஏ மிச்சமிருக்கிறதா என்று தேட வேண்டும். உருவாக்கியவரின் சொல்லோடு நிறுத்தாமல், அவருக்குச் சம்பந்தமில்லாத வேறோர் ஆய்வகம் அதைச் சரிபார்க்க வேண்டும்.