விளையாத வயலுக்கும் ஒரு நன்றி ஆராதனை

என் வயல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வட்டை என்னும் வயற்பரப்பொன்றில் இருக்கிறது. வீடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில். வலையிறவுப் பாலத்தைக் கடந்து வயலுக்குப் போய்வருவது அப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தின் வழக்கம். 2021க்குப் பிறகு அந்தப் பாலத்தில் ஏறும்போதே எனக்கு நெஞ்சு கனக்கத் தொடங்கியது. அந்த வருடங்களைக் கடந்து வந்த விதத்தை எழுதுகிறேன். விசுவாசம் எனக்கு உண்மையாகவே உதவிய இடங்கள் உண்டு. உதவி என்று நினைத்துப் பிறர் சொன்னவை என்னை இன்னும் கீழே தள்ளிய இடங்களும் உண்டு. இரண்டையும் சொன்னால்தான் இப்போது சோர்ந்திருக்கும் ஒருவருக்குப் பயன்படும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடை விலகியபோது எங்கள் பெரும்போக விதைப்பு முடிந்துவிட்டது. யூரியா கண்ணில் படவில்லை. பயிர் மஞ்சளித்து நின்றது. வெட்டிய நெல்லில் பெரும்பகுதி மணி பிடிக்காத சப்பி. அடுத்த வருடம் டீசல் தட்டுப்பாடு. உழவு இயந்திரம் கூலிக்குக் கிடைத்தாலும் அதற்கு எண்ணெய் கிடைக்கவில்லை. அதன் பின் ஓரளவு விளைந்த போகத்தில் நெல் விலை விழுந்தது. மனைவியின் நகைகள் ஒவ்வொன்றாக அடைவுக்குப் போயின. 2024 ஜனவரி வெள்ளம் கதிர் தள்ளிய பயிரைச் சாய்த்தது. அதே வருடம் நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் இளம்பயிரைத் தண்ணீருக்கடியில் கிடத்தி அழுகவைத்தது.

இழப்பைவிட என்னை அரித்தது வேறொன்று. ஒவ்வொரு முறையும் ஜெபித்துவிட்டுத்தான் விதைத்தேன். எங்கள் வீட்டில் விதைநெல்லை முற்றத்தில் வைத்து, குடும்பமாக முழங்காலில் நின்று ஜெபிக்காமல் வயலுக்குக் கொண்டுபோவதில்லை. அப்படி ஜெபித்த நெல்தான் சப்பியானது, அப்படி ஜெபித்த நெல்தான் அழுகியது. “கேட்கிறாரா?” என்ற கேள்வி என் தொண்டையில் நின்றது. ஆலயத்தில் அதை யாரிடமும் கேட்க முடியவில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பலர். “எல்லாம் நன்மைக்குத்தான்” என்றார் ஒருவர். விசுவாசத்தில் எங்கோ குறை இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள் என்றார் இன்னொருவர். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளை இழந்த பெற்றோரை நினைத்துப் பார், உனக்குப் போனது நெல்தானே என்றும் ஒருவர் சொன்னார். அந்தப் பெற்றோரின் துயரத்துக்கு முன்னால் என் துயரம் சிறியதென்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒருவருடைய பெருந்துயரத்தை எடுத்து இன்னொருவருடைய வாயை அடைப்பது கிறிஸ்தவ ஆறுதல் ஆகாது. யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

முதல் உதவி எனக்கு வந்தது ஜெபக்கூட்டத்தில் அல்ல, வைத்தியசாலையில். இரவில் தூக்கம் போய்விட்டது. சாப்பாட்டின் முன் உட்கார்ந்து எழுந்துவிடுவேன். ஒருநாள் மனைவி என்னிடம் எதுவும் கேட்காமல் இலக்கத் துண்டு எடுத்து, வரிசையில் உட்கார வைத்துவிட்டாள். வைத்தியர் மருந்து தந்தார், மனநலப் பிரிவுக்கும் அனுப்பினார். விசுவாசி அங்கே போகலாமா என்று எனக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தை உடைத்தது எலியாவின் கதை. முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்டுவிட்டுப் படுத்துத் தூங்குகிறான் எலியா. தேவதூதன் வந்து அவனைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசத்தைப் பற்றிப் போதிக்கவும் இல்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்கிறான். எலியா தின்று, குடித்து, திரும்பவும் படுத்துக்கொள்கிறான். இரண்டாம் முறையும் அதே சாப்பாடு. தேவன் அவனோடு மெல்லிய சத்தத்தில் பேசுவது அதற்கெல்லாம் பிறகுதான். சிறுவயதிலிருந்து ஞாயிறு பாடசாலையில் கேட்ட கதை அது. சோர்ந்த மனிதனுக்குத் தேவன் முதலில் உணவும் தூக்கமும் கொடுத்தார் என்பதை மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் கண்டேன். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு யாருக்காவது வந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். ஜெபிப்பதற்கு அது தடையல்ல.

அடுத்தது சங்கீதங்கள். வெளிச்சமான சங்கீதங்களை என்னால் அப்போது வாசிக்க முடியவில்லை. போதகர் ஐயா ஒரு யோசனை சொன்னார்: 13, 42, 88 ஆகிய மூன்றை மட்டும் மாறி மாறிச் சத்தமாக வாசியுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்றார். காவலுக்கு வயல் குடிசையான வாடியில் தங்கும் இரவுகளில் அதைச் செய்தேன். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. நான் ஆலயத்தில் கேட்கத் துணியாத கேள்வி ஆலயத்தின் புத்தகத்திலேயே அச்சிட்டுக் கிடந்தது. 88ஆம் சங்கீதம் கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது. அதை வேதத்துக்குள் சேர்த்து வைத்தவர்கள், அப்படிப்பட்ட இரவுகளும் தேவனுக்கு முன்னால் சொல்லத்தக்கவை என்று நம்பியிருக்கிறார்கள். நம்பிக்கை இழந்தவனின் முறைப்பாடும் ஜெபம்தான். கேட்பவர் இல்லை என்று நினைப்பவன் முறையிட மாட்டான். இது எனக்குப் பிடிபட்ட பிறகு, ஜெபிக்க முடியவில்லையே என்ற பாரம் இறங்கியது.

ஆனாலும் என்னைத் தூக்கி நிறுத்தியது எது என்று கேட்டால், ஒரு மனிதர் வந்ததுதான். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் மாஸ்டர். வயல் வேலைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அவர் சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வாடிக்கு வரத் தொடங்கினார். “தம்பி, தேத்தண்ணீர் கிடைக்குமா?” என்பார். குடித்துவிட்டு வரம்பில் என்னோடு நடப்பார். புல் பிடுங்கினால் அவரும் குனிந்து பிடுங்குவார். பல வாரங்கள் வேதத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன்: “ஏன் மாஸ்டர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை?”

அவர் இரண்டாம் கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தைச் சொன்னார். பவுல் மக்கெதோனியாவில் இளைப்பாறுதல் இல்லாமல் இருந்தபோது, சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல் செய்கிற தேவன், “தீத்து வந்ததினாலே” எங்களுக்கு ஆறுதல் செய்தார் என்று எழுதுகிறான். “பவுலுக்குத் தரிசனம் காட்டத் தேவனுக்குத் தெரியாதா, தம்பி? அந்த முறை ஓர் ஆளைத்தான் அனுப்பினார்” என்றார் மாஸ்டர். அவ்வளவுதான். பிறகு மீண்டும் புல் பிடுங்கினோம். தேவன் என்னை விட்டுவிட்டார் என்று நான் முறையிட்ட நாட்களிலெல்லாம் அவர் அனுப்பிய ஆள் என் பக்கத்தில் குனிந்து நின்றிருக்கிறார்.

2024 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு வந்த அறுவடை நன்றி ஆராதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் அன்று நெல், தேங்காய், வாழைக்குலை, மரக்கறி, கோழி என்று அவரவர் பலனைப் பீடத்தின் முன் வைப்பார்கள். அப்பா காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து முதல் மூட்டை போகும். அந்த வருடம் கொண்டுபோக ஒன்றும் இல்லை. போகாமல் இருந்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். மாஸ்டர் காலையிலேயே வீட்டு வாசலில் வந்து நின்றார். “உன் வயலில் மிஞ்சியதைக் கொண்டுவா” என்றார். வெள்ளம் சாய்த்த பயிரில், சேறு காய்ந்த வைக்கோலோடு கொஞ்சம் கதிர் வீட்டில் கிடந்தது. மனைவி அதைக் கட்டி என் கையில் தந்தாள். பீடத்தின் முன் பளபளக்கும் பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் அந்தக் கறுத்த கட்டை வைத்தேன்.

போதகர் ஐயா அன்று எடுத்திருந்த பாடத்தை நிறுத்திவிட்டு ஆபகூக்கின் கடைசி அதிகாரத்தைத் திறந்தார். “வயல்கள் தானியத்தை விளைவிக்காமற்போனாலும்” என்ற இடத்தில் அவருடைய குரல் தடுமாறியது. ஆலயத்தில் பாதிப் பேர் அந்த வருடம் வெள்ளத்தில் இழந்தவர்கள். யாரும் நன்றிப் பாட்டைப் பாட அவசரப்படவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாமி விம்மி அழுதார். அவரைத் தொடர்ந்து வேறு சிலர். “நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்” என்ற அடுத்த வசனத்தைத் தனியாக என்னால் சொல்லியிருக்க முடியாது. சபையாகச் சேர்ந்து, அழுகையோடு சொன்னோம். விளைச்சலுக்காக நன்றி சொல்லும் நாளில், விளையாததையும் பீடத்தில் வைக்க இடம் கிடைத்தது. அன்றைக்கு எனக்கு அது போதுமாயிருந்தது.

அடைவு விடயமாக நகரத்துக்குப் போகும் நாட்களில், காந்திப் பூங்காவை அண்டி வாவியோரத்தில் நிற்கும் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலையைப் பார்ப்பேன். மெதடிஸ்த சபையில் பிறந்த எங்களுக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்த பெயர். 1814இல் மட்டக்களப்புக்கு வந்தவர் அவர். கூட வந்த மனைவி கப்பலிலேயே இறந்துபோனார். அவர்களுடைய மிஷனரிக் குழுவுக்குத் தலைமை தாங்கிய தோமஸ் கோக்கும் கரையைக் காணாமல் நடுக்கடலில் இறந்தார். மொழி தெரியாத ஊரில் தனியாக இறங்கிய அந்த இளைஞர் பாடசாலை தொடங்கினார். 1815 ஏப்ரலில் அவரும் இறந்துவிட்டார். இங்கே ஒரு வருடம்கூட வாழவில்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டு இன்றும் நடக்கிறது. அவரைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்கும்போது பெருமையாக இருக்கும். நட்டப்பட்டவனாக அந்தச் சிலைக்கு முன்னால் நின்றபோது, அவருடைய கடைசி வாரங்களை நினைத்துக்கொண்டேன். நோயில் கிடந்தவருக்கு, இருநூறு வருடத்துக்குப் பிறகு பிள்ளைகள் அங்கே மணியடித்து வகுப்புக்குப் போவார்கள் என்பது தெரிந்திருக்காது. தெரியாமலேயே தன் வேலையைச் செய்தார்.

நவம்பர் வெள்ளம் வடிந்த பிறகு மறுவிதைப்புக்கு என்னிடம் விதைநெல் இல்லை. பக்கத்து வயல்காரர், ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குத் தவறாமல் போகிறவர், தன் மேட்டு நிலத்து வித்தில் மூன்று மாத நெல்லை எனக்குப் பங்கிட்டுத் தந்தார். “விளைந்தால் தா, விளையாவிட்டால் பிறகு பார்ப்போம்” என்றார். அவரையும் நான் தீத்துவின் வரிசையில்தான் வைத்திருக்கிறேன். அந்த வித்தைத் தூவும்போது 126ஆம் சங்கீதத்தின் வரி எனக்கு வேறுவிதமாகக் கேட்டது: “அள்ளித்தூவும் விதையைச் சுமக்கிறவன் அழுதுகொண்டு போகிறான்.” விதைக்கிறவன் ஏன் அழ வேண்டும்? வீட்டில் அரிசிப் பானை காலியாக இருக்கும்போது உண்ணத்தக்க நெல்லைச் சேற்றில் எறிகிறவனுக்கு அது விளங்கும். அழுகை நின்ற பிறகு போய் விதை என்று சங்கீதக்காரன் சொல்லவில்லை. அழுதுகொண்டே போகிறான், கையில் விதை இருக்கிறது.

2025இல் வெட்டினோம். பெரிய விளைச்சல் அல்ல. விதைநெல்லைத் திருப்பிக் கொடுத்தோம், வீட்டுக்குச் சோறு ஆயிற்று, ஒரு சோடி காப்பை அடைவிலிருந்து மீட்டோம். கடன் இன்னும் இருக்கிறது. மருந்தை வைத்தியர் குறைத்திருக்கிறார், நிறுத்தவில்லை. சில இரவுகளில் இப்போதும் 88ஆம் சங்கீதத்துக்குத்தான் போகிறேன்.

மாஸ்டருக்கு முழங்கால் வலி. மோட்டார் சைக்கிள் ஓட்ட முடிவதில்லை. எங்கள் வட்டைக்கு அப்பால் ஓர் இளம் குடும்பம் குத்தகைக்கு எடுத்த வயலை அறக்கொட்டிப் பூச்சி தின்றுவிட்டது. சனிக்கிழமைகளில் மாஸ்டரை என் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் அங்கே போகிறோம். அந்தத் தம்பி இன்னும் எங்களோடு சரியாகப் பேசத் தொடங்கவில்லை. தேத்தண்ணீர் மட்டும் ஊற்றித் தருகிறார்.